பழைய காருக்குக் கெட்டி எண்ணெய்

ரப்பர் பால் வாடையோடு பள்ளிக்கூடம் போய், இப்போது தாமான் குடியிருப்பு வீட்டில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். “பழைய கதை லா, மா” என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான். உங்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

என் வீட்டுக்காரர் விட்டுப்போன கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. அவர் போன பிறகு கோயிலுக்கும் பாசார் சந்தைக்கும் நானே ஓட்டிப் போகிறேன். போன மாதம் எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. சுங்கை ஊடாங்கில் வேலை செய்யும் மகன், “புதுசா வந்திருக்கிற எண்ணெய ஊத்தும்மா, பெட்ரோல் மிச்சமாகும்” என்று ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு சிம்பாங் அம்பாட்டில் வழக்கமாகப் போகும் பட்டறைக்குப் போனேன். பட்டறை நடத்துபவர் நம் தமிழ்ப் பையன்தான், நாற்பது வயதிருக்கும். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“யாரு ஆன்ட்டி வாங்கிக் குடுத்தா? இது புதுக் காருக்குச் செஞ்சது, தண்ணி மாதிரி இருக்கும். ஒங்க வண்டி உள்ளுக்குத் தேஞ்சி இடம் விட்டிருக்கும். மெல்லிசா ஊத்துனா ஒழுகும், எரிஞ்சும் போயிரும். அது பரவால்ல. வருசக்கணக்கா உள்ள படிஞ்சி கெடக்கிற கசடு இருக்கு பாருங்க, அத கழுவிக்கிட்டு வந்து எண்ணெ ஏறுற வாயில அடைச்சிரும். அடைச்சா அவ்ளோதான். பழைய காருக்குக் கெட்டிதான் லா.”

பிறகு கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். முன்னால் இருக்கும் மீட்டர் கண்ணாடியில் நான் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. “எண்ணெ கொறஞ்சா எரியிற வெளக்கு மேலயே வச்சிருக்கீங்களே ஆன்ட்டி” என்று கட்டை விரலை நீட்டினார்.

“தொடாதீங்க!”

நான்தான் கத்தினேன். ஆனால் அந்தக் குரல் என் அப்பாவுடையது. பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்படியே பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

‘கழுவிக்கிட்டு வந்து அடைச்சிரும்.’ அந்தப் பேச்சை நான் ஒன்பது வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் மரம் சீவினார்கள். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு மூன்று மைல் மண்பாதை. அங்கே போனால்தான் பஸ். என் தமிழ்ப்பள்ளி பாதி வழியில் இருந்தது. அக்கா படித்த பெரிய பள்ளி ஜாசின் டவுனில். எங்கள் லயத்து வீட்டு வரிசையிலிருந்து மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை போன முதல் பெண் அவள்தான். வயசுக்கு வந்த பிள்ளை ரப்பர் காட்டுக்குள் தனியாக நடந்து போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி டவுனுக்கு மாறிப் போனார். அவருடைய பழைய சாம்பல் நிறக் காரை அப்பா வாங்கினார். அம்மாவின் கழுத்தில் இருந்த அட்டியல் போய் அந்தக் கார் வந்தது.

“கார் ஓடுற வரைக்கும் நீ படி. அஞ்சாம் பாரத்த முடி. ஆஸ்பத்திரியில வெள்ளச் சட்ட போட்டு மிஸ்ஸியா நில்லு, நான் வந்து வரிசையில நின்னு மருந்து வாங்குறேன்” என்றார் அப்பா. அக்கா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தக் காரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே ஏறினால் வெயிலில் காய்ந்த தோல் வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து அடிக்கும். இருக்கை கிழிந்த இடத்தில் குதிரை முடி மாதிரி ஏதோ குத்தும். வண்டி திரும்பும்போது, எந்தப் பக்கம் என்று காட்ட, பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை, ஆரஞ்சு நிறத்தில், வெளியே நீளும். பாதி நாள் அது நீளாது. அப்போது அப்பா, “சின்னவளே, கை!” என்பார். நான் ஜன்னல் வழியாக என் கையை நீட்டுவேன். அந்த வேலைக்காகவே நான் பின்னால் உட்காருவேன். அக்கா முன்னால்.

கிராணி காரோடு ஒரு மெல்லிய புத்தகத்தையும் விட்டுப் போயிருந்தார். முழுக்க இங்கிலீஷ். வீட்டில் வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அக்காதான் எடுத்துப் படித்தாள். முன்னால் இருந்த ஒவ்வொரு மீட்டரும் எதற்கு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். “இது வேகம். இது பெட்ரோல். இந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள செவப்பு வெளக்கு இருக்கு பாரு, எண்ணெ சரியா ஓடலன்னா எரியும்.”

எண்ணெய் விஷயத்தைப் பார்த்துக்கொண்டவர் லோரி டிரைவர் மாமா. ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், அப்பாவுக்கு உறவுமுறையில் மச்சான். லோரிக்கு ஊற்றி மிஞ்சியதை ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டு வருவார். சாய்த்தால் பாகு மாதிரி மெதுவாக இறங்கும். “கெழட்டு வண்டி மச்சான் இது. கெழவனுக்குக் கஞ்சி கெட்டியா இருக்கணும். நீர்க்கக் குடுத்தா படுத்துக்குவான்” என்று சொல்லிச் சிரிப்பார். அப்பா தினமும் விடியற்காலையில் எஞ்சின் மூடியைத் திறந்து, கம்பியை உருவி எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத் துடைத்து வைப்பார். வண்டி இருமிக்கொண்டே ஓடியது. ஆனாலும் ஓடியது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. காருக்கு அதுதான் முதல் பூஜை. அப்பாவுக்கு ஒரு எண்ணம். “சாமிக்குப் படைக்கிற வண்டியில லோரி குடிச்ச மிச்ச எண்ணெ இருக்கக் கூடாது. எச்சில் மாதிரி அது” என்றார். மாமா தலையைச் சொறிந்தார். “மாத்துறதுன்னா மாத்துங்க. ஆனா இதே மாதிரி கெட்டியா பாத்து வாங்குங்க” என்று மட்டும் சொன்னார்.

அப்பா என்னை டவுனுக்குக் கூட்டிப்போனார். கடை முதலாளி, சீனத் தவுக்கே, காரை எட்டிப் பார்த்தார். “கெரெத்தா லாமா, பாக்காய் பெக்காட் லா” என்று ஒரு கறுப்பு டின்னை எடுத்து வைத்தார். பழைய கார், கெட்டியானது போடு என்கிறார். நல்ல மனுஷன், உள்ளதைத்தான் சொன்னார். அப்பா முகம் சுருங்கிவிட்டது. தோட்டத்துக்காரனுக்கு மட்டமானது போதும் என்று நினைத்துவிட்டார் என்று அப்பாவுக்குப் பட்டது. மேல் தட்டில் பொன் நிறத்தில் ஓட்டப்பந்தயக் காரின் படம் போட்ட டின் ஒன்று இருந்தது. “அது. அது வேணும். சாமிக்கு” என்றார் மலாயும் தமிழும் கலந்து. தவுக்கே வேண்டாம் என்று ஒருமுறை தலையை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஏணி வைத்து எடுத்துக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் அந்த டின் என் மடியில் இருந்தது. நான் அதைத் தடவிக்கொண்டே வந்தேன்.

பூஜை அன்று காரைக் குளிப்பாட்டி, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டார்கள். அப்பா குளித்து, ஈர வேட்டியோடு, பழைய எண்ணெயை ஒரு வாளியில் வடித்துவிட்டு, அந்தப் பொன் டின்னை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினார். அம்மனுக்கு அபிஷேகம் செய்கிற மாதிரிதான் ஊற்றினார். நல்லெண்ணெய் போலப் பளபளவென்று, சத்தமில்லாமல், தண்ணீராக இறங்கியது. அம்மா கற்பூரம் காட்டினாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அப்பாவுடைய பக்தியில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் பொட்டு. டயர், ஸ்டேரிங், சாவி, கண்ணாடி, ஒவ்வொரு மீட்டர் என்று எதையும் விடாமல் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தோம். அந்தச் சின்னச் சிவப்பு விளக்குக்கு நான்தான் வைத்தேன். சின்ன வட்டம், சின்ன விரல், பொருத்தமாக இருந்தது. மூடியின் முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிற்றைக் கட்டினார் அப்பா. அது தானாக அறுந்து விழுகிற வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது என்றார். அதனால் மறுநாளிலிருந்து கம்பியை உருவிப் பார்க்கிற வேலையும் நின்றுபோனது.

அம்மா அக்காவைப் பார்த்துச் சொன்னாள்: “இனிமே இது சாமி ஏறுன வண்டி. அந்த மூணு நாளு நீ ஏறக் கூடாது. லீவு போட்டுக்க.” அக்கா தலையை ஆட்டினாள். மூன்றாம் பாரப் பரீட்சைக்கு மூன்று வாரம் கூட இல்லை. அதில் தேறினால்தான் நாலாம் பாரம்.

நாலைந்து நாளில் கார் நிற்கிற இடத்தில் மண் கறுத்தது. வண்டி போனால் பின்னால் நீலமாகப் புகை வந்தது. பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றுகொண்டு, “என்னாண்ணே, ஒங்க காரு லயத்துக்கே கொசு மருந்து அடிச்சிக்கிட்டுப் போவுது?” என்றாள். அப்பா சிரித்தார். “சாம்பிராணி போடுது தங்கச்சி, மூச்ச நல்லா இழு” என்றார்.

ஒன்பதாவது நாள் காலை. ரப்பர் காட்டுப் பாதையில் இன்னும் சரியாக வெளுக்கவில்லை. நான் இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் வைத்த குங்குமம் சிவந்து ஒளிர்ந்தது. ஒரு முறை மினுங்கியது, பிறகு நிலையாக நின்றது.

“அப்பா! அம்மன் கண்ணத் தொறந்துட்டாங்க!” என்று கத்தினேன்.

அப்பா பார்த்தார். ஸ்டேரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். “தாயே” என்றார்.

“அப்பா, அது எண்ணெ வெளக்குப்பா. நிப்பாட்டுங்க” என்றாள் அக்கா.

“சும்மா வா.”

“புக்குல போட்டிருக்குப்பா. எரிஞ்சா ஒடனே நிப்பாட்டணும்னு போட்டிருக்கு. இங்க பாருங்க...”

கட்டை விரலால் அந்தப் பொட்டை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள். சிவப்பு வெளிச்சம் பளிச்சென்று அவள் முகத்தில் விழுந்தது. அப்பா விளக்கைப் பார்க்கவில்லை. குங்குமம் அப்பிய அவள் விரலைத்தான் பார்த்தார். கையில் ஓங்கி ஒரு அடி. “சாமிக்கு வச்சத அழிக்கிறியா? தொடாத! தொடாத!” என்று கத்திக்கொண்டே மேட்டில் வண்டியை ஏற்றினார்.

மேட்டின் பாதியில் எஞ்சினுக்குள் டின்னில் கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. பிறகு இரும்பு கடித்துக்கொண்டு நின்றது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. தீய்ந்த வாடை. காட்டுக்குள் ஏதோ பறவை கூவியது. அப்பா சாவியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“அம்மன் ஒடனே காட்டிட்டா, பாத்தியா” என்றார் அக்காவிடம், மெதுவாக.

டிராக்டர் வைத்து இழுத்து வந்தார்கள். மத்தியானம் லோரி மாமா காருக்கு அடியில் படுத்து எதையோ கழற்றினார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் கையில் வலை போட்ட ஒரு சின்னக் கிண்ணி. அதில் தார் மாதிரி கசடு அப்பியிருந்தது. “மெல்லிசு எண்ணெ... எல்லாத்தையும் கழுவிக்கிட்டு வந்து அடைச்சிருச்சே” என்று தனக்குத் தானே சொன்னார். அது என் காதில் விழுந்தது. ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர்க் குவளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, “பொட்ட அழிச்சதுக்கே இம்புட்டு கோவமா அம்மனுக்கு? வேற என்னா கொற வச்சோம்?” என்று புலம்பினாள்.

“அக்கா நேத்துலேருந்து துணி வச்சிருக்கு” என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். கோபம் இல்லை, பொறாமை இல்லை. யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். மூன்று நாள் பாடம் போய்விடுமே என்றுதான் அவள் மறைத்திருக்கிறாள். அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பவும் களைய ஆரம்பித்தாள்.

அப்பா அடிக்கவில்லை. “இனிமே பள்ளிக்கூடம் வேணாம்” என்றார். அதோடு சரி.

மாமா மறுநாள் வந்து வாசலில் நின்றார். “மச்சான், பரீட்சைக்கு மட்டும் அனுப்புங்க. நான் லோரியில ஏத்திக்கிட்டுப் போறேன். புள்ள என்னா செஞ்சிச்சு, எண்ணெதான்...”

“ஏத்திக்க” என்றார் அப்பா. “தீட்டோட சாமியத் தொட்ட கை அது. நாளைக்கு ஒன் லோரியும் நடுரோட்டுல நின்னா ஏங்கிட்ட வந்து நிக்காத.”

மாமா திரும்பித் தன் லோரியைப் பார்த்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். பிறகு அதில் ஏறிப் போய்விட்டார். எண்ணெய்தான் காரணம் என்று அந்தத் தோட்டத்தில் தெரிந்த ஒரே பெரிய மனுஷன் அவர். அவருக்கும் பயம். இப்போது நினைத்தால் அப்பாவைவிட அவரை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அவரை என்ன சொல்வது? அவர் சொன்னதைக் காதில் வாங்கிய நான் மட்டும் அதைச் சொல்ல வாயைத் திறந்தேனா?

பரீட்சை அன்று காலை அக்கா பள்ளிச் சட்டையைப் போட்டு, தலை பின்னி, வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி தொடங்குகிற நேரம் கடந்ததும் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டாள். அந்த வாரமே புல் வெட்டுக் கூட்டத்தில் சேர்ந்தாள். கிராணியின் புத்தகத்தை அவளே தாள் தாளாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். கார் லயத்துக்குப் பின்னால் பலா மரத்தடியில் கிடந்தது. பின்னிருக்கையில் கோழி முட்டையிட்டது. மீட்டர் கண்ணாடியில் அவள் துடைத்த கோடு மட்டும் மழை படாமல் சிவப்பாகவே இருந்தது. பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துப் போகும் வரை நான் அதைப் போய்ப் பார்ப்பேன்.

லயத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள்கூட அவள் கிட்டே வந்தால் தள்ளி நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் அவளே தள்ளி நிற்கப் பழகிக்கொண்டாள். கல்யாணம், பிள்ளைகள், புருஷன் சாவு எல்லாம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஆயுத பூஜை என்றால் வாசலுக்கு வெளியேதான் நிற்பாள். பஸ் கம்பியைக்கூட முந்தானையைச் சுற்றித்தான் பிடிப்பாள். அப்பா சாகும்வரை அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. எடுக்காதது மன்னிப்பு என்று அவர் நினைத்திருக்கலாம்.

பட்டறையில் கெட்டி எண்ணெய் ஊற்றிக்கொண்டு, நேராக ஜாசினுக்கு, அக்காவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். தரையில் தாள் விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மெல்லிய எண்ணெய், கசடு, மாமாவின் கையில் இருந்த கிண்ணி, எல்லாம். “ஒன்னால இல்லக்கா. எண்ணெயாலதான். நீ சொன்னப்பவே நிப்பாட்டியிருந்தா வண்டி பொழைச்சிருக்கும்” என்று அழுதேன்.

அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“அந்தப் புக்குல போட்டிருந்துச்சுடி. எந்த எண்ணெ ஊத்தணும்னு. கடைசிக்கு முந்தின பக்கம். டின்ன பாத்ததுமே தெரியும் எனக்கு.”

நான் தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அப்பாகிட்ட சொல்லலியா?”

“சாமிக்குன்னு ரெண்டு கையால தூக்கி ஊத்துறாரு. நான் என்னான்னு சொல்ல?” ஒரு நெத்திலியை எடுத்துப் பார்த்துத் தூரப் போட்டாள். “எண்ணெ தப்புதான். ஆனா நான் அன்னிக்குத் தொட்டதும் தொட்டதுதானே.”

“அக்கா, அம்மன் அப்படியெல்லாம்...”

“சரி விடு. நீ சொல்றதே சரின்னு வச்சிக்க. அந்தப் பரீட்சைய திரும்ப வப்பாங்களா?” என்று சிரித்தாள். பல் போன சிரிப்பு. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள்தான் நான். அன்றைக்கு எந்தச் சாமியின் பெயரும் என் வாயில் வரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். கீழே வந்து முன் கதவைத் திறந்துவிட்டேன். அவள் பின் கதவுப் பக்கம் போய் நின்றாள். நான்தான் திறக்க வேண்டியிருந்தது. ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள், எதிலும் படாமல்.

நான் முன்னால் உட்கார்ந்து, என் சேலை நுனியை நாக்கில் நனைத்து, எண்ணெய் விளக்கின் மேல் இருந்த அந்த ஒரு பொட்டை மட்டும் துடைத்தேன். சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “அணைஞ்சிருச்சா?”

“அணைஞ்சிருச்சுக்கா.”

“நல்லா பாரு.”

“பாத்துட்டேன்.”

“ம். அப்ப போ.”

கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் மடியில் இருந்தன. வலது கைக் கட்டை விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி மூடி வைத்திருந்தாள். கோயில் போய்ச் சேரும் வரை அதை வெளியே எடுக்கவில்லை.